கார்பாக்சிலிக் அமிலமும் நீரிலியும் உலோகப் பரப்பை எப்படிப் பிடிக்கின்றன: படிப்படியாகக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெயின்ட், பசை, மசகெண்ணெய், துருத்தடுப்பான் என எந்தத் துறையில் வேலை செய்தாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கும்: நாம் போட்ட மூலக்கூறு உலோகத்தோடு நிஜமாகவே பிணைந்திருக்கிறதா, இல்லை சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறதா? பிணைந்திருந்தால் எந்த அணு வழியாக?

பெரும்பாலானவர்கள் மூலக்கூறின் அமைப்பை வரைந்துவிட்டு அங்கிருந்து விடை தேடுகிறார்கள். அது பின்பக்கத்திலிருந்து தொடங்குவது. முதலில் பரப்பைப் பார்க்க வேண்டும். அதோடு ஒரு கேள்வியைக் கடைசி வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்: புரோட்டானை வாங்கிக்கொள்வது யார்? அமிலத்திடம் கழற்றிக் கொடுக்க ஒரு புரோட்டான் (எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன், H⁺) இருக்கிறது. இரண்டு அமிலத் தொகுதிகள் ஒரு நீர் மூலக்கூறை இழந்து சேர்ந்ததுதான் நீரிலி என்பதால், அதனிடம் கொடுக்க எதுவும் இல்லை. இரண்டும் உலோகத்தின் மேல் வேறு வேறு விதமாக நடந்துகொள்வதற்கு முதல் காரணம் இதுதான்.

படி 1: உங்கள் கையில் இருப்பது உலோகமா, ஆக்சைடா?

காற்றில் இருக்கும் அலுமினியத் தகட்டைத் தொடும்போது நீங்கள் அலுமினியத்தைத் தொடுவதில்லை. அதன் மேல் சுமார் 2 முதல் 4 நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படிந்திருக்கிறது. அதன் வெளிமுகம் முழுக்க ஹைட்ராக்சில் தொகுதிகள். அதற்கும் மேலே காற்றிலிருந்து வந்து படிந்த நீரும் கரிமக் கழிவும். இரும்பு, துத்தநாகம், தாமிரம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். தங்கம் ஒன்றுதான் விதிவிலக்கு என்று சொல்லலாம். அதிலும் கரிமக் கழிவு படியும்.

சுத்தமான உலோக முகம் வேண்டுமென்றால் மீஉயர் வெற்றிடத்துக்குள் போக வேண்டும். ஆர்கான் அயனிகளால் மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்து, பிறகு சூடாக்கி அணுக்களைச் சீராக அமர வைப்பார்கள். வெற்றிடம் எவ்வளவு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 10⁻⁶ டார் அழுத்தத்தில் ஒரு விநாடி வைத்திருந்தால், பரப்பில் மோதும் மூலக்கூறுகள் எல்லாம் ஒட்டினால், ஏறக்குறைய ஓர் அடுக்கு முழுவதும் மூடிவிடும். இந்த அளவுக்குத்தான் 1 லாங்மூர் என்று பெயர். அதனால்தான் சுத்தமான முகத்தில் சில மணி நேரம் வேலை செய்ய 10⁻¹⁰ டார் வரை இறங்க வேண்டியிருக்கிறது.

இரண்டு உலகங்களையும் கலக்காதீர்கள். வெற்றிடத்தில் தாமிரப் படிகத்தின் மேல் கிடைத்த முடிவை எடுத்துத் தொழிற்சாலையில் உருளும் அலுமினியத் தகட்டுக்குப் பொருத்துவது இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கும் குழப்பம்.

ஆக்சைடு என்றால் அதன் குணத்தையும் பாருங்கள். அலுமினியம் ஆக்சைடின் சமமின்புள்ளி, அதாவது பரப்பின் மொத்த மின்னூட்டம் சுழியாகும் இடம், பிஎச் 9-ஐ ஒட்டி இருக்கிறது. சிலிக்காவுக்கு அது 2 அருகில். அலுமினா காரத்தன்மை உள்ள பரப்பு, அமிலம் அங்கே நன்றாக அமரும். சிலிக்காவே அமிலத்தன்மை கொண்டது, புரோட்டானை வாங்க அதற்கு ஆர்வம் இல்லை. கண்ணாடியில் கொழுப்பமிலப் படலம் எளிதாகக் கழுவிப் போவதற்கு இதுவே காரணம். அப்புறம், ஒரே அலுமினியத்தைக் காரத்தில் கழுவினால் ஒரு பரப்பு, அமிலத்தில் கழுவினால் இன்னொரு பரப்பு, கொதிநீரில் போட்டால் முற்றிலும் வேறொரு பரப்பு. ஹைட்ராக்சில் எண்ணிக்கை மாறினால் பிணைப்பும் மாறும். ஆகவே எப்படிக் கழுவினீர்கள் என்பதைக் குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.

படி 2: புரோட்டான் எங்கே போகிறது?

இதற்கு மிகத் தெளிவான விடை கிடைத்தது ஃபார்மிக் அமிலத்தில்தான். ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் மாடிக்ஸ் குழுவினர் தாமிரப் படிகத்தின் (110) முகத்தில், அதாவது குறிப்பிட்ட ஒரு திசையில் வெட்டிய பரப்பில், ஃபார்மிக் அமிலத்தைப் போட்டு, மெல்லச் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் எந்த வாயு வெளியே வருகிறது என்று பார்த்தார்கள். அமிலத் தொகுதியில் உள்ள ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியத்தை (கன ஹைட்ரஜன்) வைத்ததுதான் அந்தச் சோதனையின் அழகு. டியூட்டீரியம் அறை வெப்பநிலையை ஒட்டியே வெளியேறிவிட்டது. கார்பனில் ஒட்டியிருந்த ஹைட்ரஜனோ கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து சுமார் 470 கெல்வினில்தான் வந்தது. அதாவது அமிலப் புரோட்டான் முதலிலேயே கழன்று தாமிரத்தின் மேல் போய்விடுகிறது, மிச்சமிருக்கும் ஃபார்மேட்டு உலோகத்தைப் பிடித்துக்கொண்டு 470 கெல்வின் வரை நிற்கிறது. இரண்டு ஹைட்ரஜன்களையும் அடையாளம் பிரித்து வைத்ததால், ஊகமே இல்லாமல் விடை வந்துவிட்டது.

இப்போது அதே அமிலத்தைச் சுத்தமான வெள்ளியின் (110) முகத்தில் போடுங்கள். ஒன்றும் நடக்காது. அமிலம் முழு மூலக்கூறாக அமர்ந்து, சூடாக்கினால் முழு மூலக்கூறாகவே போய்விடும். வெள்ளிக்கு ஹைட்ரஜனை ஏற்றுக்கொள்ளும் திறன் குறைவு. ஆனால் வெள்ளியின் மேல் முன்கூட்டியே கொஞ்சம் ஆக்சிஜன் அணுக்களை வைத்துவிட்டால் கதை மாறுகிறது. ஆக்சிஜன் புரோட்டானை வாங்கி நீராக வெளியேறுகிறது, ஃபார்மேட்டு வெள்ளியில் தங்குகிறது. மூலக்கூறும் அதேதான், உலோகமும் அதேதான். புரோட்டானை வாங்க ஆள் வந்ததும் பிணைப்பு உண்டாகிவிட்டது.

ஆக்சைடு பரப்பில் இந்த வேலையை ஹைட்ராக்சில் செய்கிறது. புரோட்டானை வாங்கி நீராக மாறிக் கழல்கிறது, அந்த இடத்தில் கார்பாக்சிலேட்டு, அதாவது புரோட்டானை இழந்த அமிலத் தொகுதி, அமர்கிறது. இதனால்தான் காற்றில் இருக்கும் வெள்ளியில் கொழுப்பமிலங்கள் நன்றாகவே அடுக்கு கட்டுகின்றன. அங்கே மேலே கொஞ்சம் ஆக்சைடு இருக்கிறது.

இங்கே பிகேஏ எண்ணை (அமிலம் எவ்வளவு எளிதில் புரோட்டானை விடும் என்பதன் அளவு) பிடித்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபார்மிக் அமிலம் 3.75, அசிட்டிக் அமிலம் 4.76 என்பதெல்லாம் நீர்க்கரைசலுக்கு உரிய எண்கள். வெற்றிடத்தில் அயனிகளைச் சுற்றி நிற்க நீர் கிடையாது. எது பிரியும், எது பிரியாது என்பதைப் பரப்புதான் தீர்மானிக்கிறது.

படி 3: இரண்டு ஆக்சிஜன்களும் எப்படி அமர்கின்றன?

கார்பாக்சிலேட்டுக்கு இரண்டு ஆக்சிஜன்கள். மூன்று வழிகள் உண்டு. ஒரே ஓர் ஆக்சிஜன் ஓர் உலோக அணுவைப் பிடிப்பது ஒருமுனைப் பிணைப்பு. இரண்டும் சேர்ந்து ஒரே உலோக அணுவைப் பிடிப்பது கொடுக்கிணைப்பு. இரண்டும் பக்கத்துப் பக்கத்து உலோக அணுக்களை ஆளுக்கொன்றாகப் பிடிப்பது பாலப் பிணைப்பு.

சுத்தமான உலோகங்களில் பாலப் பிணைப்பே அதிகம் காணப்படுகிறது. அளவை எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். ஃபார்மேட்டில் இரண்டு ஆக்சிஜன்களுக்கும் இடையே சுமார் 2.2 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு). தாமிரத்தில் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே 2.56 ஆங்ஸ்ட்ராம். ஆக, மூலக்கூறு செங்குத்தாக நின்றால் ஒவ்வோர் ஆக்சிஜனும் ஏறக்குறைய ஒரு தாமிர அணுவின் தலைக்கு மேலேயே வந்துவிடுகிறது. தாமிரத்தின் (110) முகத்தில் ஃபார்மேட்டு நெருங்கிய அணு வரிசையின் மேல் இப்படித்தான் நிற்கிறது.

மூலக்கூறு பெரிதாகும்போது இன்னொரு போட்டி வருகிறது. பென்சோயிக் அமிலத்தில் உள்ள வளையத்துக்கும் உலோகத்தின் மேல் ஈர்ப்பு உண்டு. அதனால் தாமிரத்தின் (110) முகத்தில் கொஞ்சமாகப் போட்டால் பென்சோயேட்டு படுத்துக்கொள்கிறது. மேலும் மேலும் போட்டு இடம் நெருக்கடியானால் எழுந்து நிற்கிறது. ஆகவே ஒரு மூலக்கூறின் நிலையைச் சொல்லும்போது எவ்வளவு செறிவில் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இரண்டு அமிலத் தொகுதிகள் உள்ளவற்றில் எனக்கு மிகப் பிடித்தது டார்டாரிக் அமிலம், நம் புளியில் இருக்கும் அதே அமிலம்தான். புளியில் இருப்பது வலஞ்சுழி வகை. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ரஸ்மிதா ராவல் குழுவினர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இது தாமிரத்தின் (110) முகத்தில் இரண்டு புரோட்டான்களையும் இழந்து, இரண்டு முனைகளாலும் உலோகத்தைப் பிடித்துச் சாய்வான வரிசைகளாக அடுக்குவது தெரிந்தது. அதன் ஆடிப்பிம்ப வகையைப் போட்டால் வரிசைகள் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. கையில்லாத தாமிரப் பரப்புக்கு ஒரு மூலக்கூறு இடக்கை வலக்கைத் தன்மையைக் கொடுத்துவிடுகிறது!

படி 4: நீரிலிக்கு இரண்டு கணக்கு

நீரிலியைச் சுத்தமான உலோகத்தின் மேல் வைத்தால் கழற்ற புரோட்டான் இல்லை. அப்போது மூலக்கூறின் மற்றப் பகுதிகள் பேச ஆரம்பிக்கின்றன. இதில் உலகிலேயே அதிகம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று பெரிலீன் வளையத்தின் இரு முனையிலும் நீரிலி உள்ள சிவப்பு நிறமி. ஆய்வகங்களில் பிடிசிடிஏ என்றே அழைப்பார்கள். தட்டையான மூலக்கூறு, உலோகத்தின் மேல் தட்டையாகவே படுக்கும். எவ்வளவு உயரத்தில் படுக்கிறது என்பதை எக்ஸ்-கதிர் நிலை அலை முறையில் அளந்திருக்கிறார்கள். அதன் கார்பன் தளம் தங்கத்தின் (111) முகத்துக்கு மேல் 3.27 ஆங்ஸ்ட்ராம், வெள்ளிக்கு மேல் 2.86, தாமிரத்துக்கு மேல் 2.66. இதே மூலக்கூறின் படிகத்தில் அடுக்குகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 3.2. அதாவது தங்கத்தின் மேல் தன் இனத்தோடு இருப்பதுபோலவே தள்ளி இருக்கிறது. வெள்ளியின் மேல் தெளிவாக நெருங்கிவிட்டது. அங்கே உலோகத்தின் எலக்ட்ரான்கள் மூலக்கூறின் காலியான ஆர்பிட்டாலுக்குள் ஓரளவு நுழைகின்றன, முனைகளில் உள்ள நான்கு கார்பனைல் (C=O) ஆக்சிஜன்களும் வெள்ளியை நோக்கிக் கீழே வளைகின்றன. வளையம் உடையவில்லை, ஆனாலும் இது வெறும் மேலோட்டமான ஒட்டல் அல்ல.

ஆக்சைடின் மேல் கதையே வேறு. ஹைட்ராக்சில் நீரிலியின் கார்பனைல் கார்பனைத் தாக்குகிறது, வளையம் திறக்கிறது, நீரிலி இருந்த இடத்தில் இரண்டு அமில முனைகள் பிறக்கின்றன. அப்புறம் படி 2-ல் பார்த்ததுதான்: அமில முனை தன் புரோட்டானைப் பக்கத்து ஹைட்ராக்சிலுக்குக் கொடுத்துக் கார்பாக்சிலேட்டாக அமர்கிறது. சக்சினிக் நீரிலி போன்ற சிறிய மாதிரி மூலக்கூறுகளை அலுமினியம் ஆக்சைடின் மேல் வைத்துப் பார்த்ததில் இதுவே நடக்கிறது. ஆக, நீரிலி என்று போட்டாலும் கடைசியில் உலோகத்தைப் பிடிப்பது கார்பாக்சிலேட்டு. வெளியிலிருந்து ஈரம் வந்திருந்தால் பரப்பைத் தொடும் முன்பே வளையம் திறந்திருக்கவும் கூடும்.

நடைமுறையில் இதன் பயன் பெரிது. பாலிஎத்திலீன் எதிலும் ஒட்டாது. அதன் சங்கிலியில் மலேயிக் நீரிலியைக் கொஞ்சம், பெரும்பாலும் எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோ, ஒட்டவைத்தால் அலுமினியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கட்டட முகப்புகளில் பார்க்கும் அலுமினியக் கூட்டுப் பலகைகளிலும், நடுவில் அலுமினியம் வைத்த பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்களிலும் இடையில் இருக்கும் ஒட்டும் அடுக்கு பெரும்பாலும் இந்த வகைதான். இந்தப் பாலிமர் மூட்டையைத் திறந்து ஈரக்காற்றில் வைத்திருந்தால் நீரிலி மெல்ல இரட்டை அமிலமாக மாறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சூடாக்கினால் நீர் வெளியேறி வளையம் மீண்டும் மூடும்.

படி 5: அகச்சிவப்பில் படிப்பது

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. பெரும்பாலான ஆய்வகங்களில் கைக்கு எட்டும் கருவி இதுதான், தவறான முடிவுகள் அதிகம் எடுக்கப்படுவதும் இதில்தான்.

பிணைப்புகள் நீண்டு சுருங்கி அதிரும்போது தமக்கேற்ற அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும் இடங்களைத்தான் பட்டைகள் என்கிறோம், அந்த இடத்தைக் குறிக்கும் அலகு செ.மீ⁻¹. முதலில் பட்டைகளின் இடம். சங்கிலி அமிலம் இரட்டையாக இணைந்திருந்தால் கார்பனைல் பட்டை 1700 முதல் 1710 செ.மீ⁻¹ அளவில். தனியாக இருந்தால் 1740-க்கு மேல். வளைய நீரிலிக்கு இரட்டைப் பட்டை: 1860 அருகே ஒன்று, 1780 அருகே அதைவிட வலுவான இன்னொன்று. கார்பாக்சிலேட்டாக மாறிவிட்டால் இவை எல்லாம் மறைந்து, 1540 முதல் 1600 வரை சமச்சீரற்ற நீட்சியும், 1400 முதல் 1470 வரை சமச்சீர் நீட்சியும் வரும். அலுமினியத்தின் மேல் நீரிலி வளையம் திறந்ததா என்று பார்க்க 1860, 1780 இரண்டும் போய்விட்டனவா என்று பாருங்கள். 1720 அருகே ஒரு மேடு மிச்சமிருந்தால் ஒரு முனை இன்னும் பிணையாமல் அமிலமாகவே இருக்கிறது என்று பொருள்.

அடுத்து, இரண்டு கார்பாக்சிலேட்டுப் பட்டைகளுக்கும் உள்ள இடைவெளி. டீக்கன், பிலிப்ஸ் இருவரும் 1980-ல் தொகுத்த வழக்கு இது. இடைவெளி 200-ஐத் தாண்டினால் ஒருமுனைப் பிணைப்பு என்று சந்தேகிக்கலாம். சோடியம் அசிட்டேட்டில் சுமார் 164. அதைவிட மிகக் குறைந்து 100-ஐ ஒட்டி வந்தால் கொடுக்கிணைப்பு, அயனி உப்பின் அளவை ஒட்டி இருந்தால் பாலப் பிணைப்பு. ஆனால் இது திடச் சேர்மங்களை வைத்து வந்த வழக்கு. சுட்டிக்காட்ட உதவும், தீர்ப்புச் சொல்லாது.

உலோகத்தின் மேல் அளக்கும்போது இதைவிட முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. கிரீன்லர் 1966-ல் காட்டியபடி, ஒளியைப் பரப்போடு ஒட்டிச் சாய்வாக விட்டால், உலோகத்துக்குச் செங்குத்தாக ஆடும் இருமுனைகள் மட்டுமே கண்ணில் படும். பரப்புக்கு இணையாக ஆடுவதை உலோகத்தின் எலக்ட்ரான்கள் அழித்துவிடும். சில நானோமீட்டர் ஆக்சைடு நடுவில் இருந்தாலும் விதி மாறாது.

இப்போது இதைக் கார்பாக்சிலேட்டின் மேல் போட்டுப் பாருங்கள். இரண்டு ஆக்சிஜன்களும் சமமாக உலோகத்தில் ஊன்றி, மூலக்கூறு நேராக நின்றால், சமச்சீர் நீட்சி மேலும் கீழுமாக ஆடும், தெரியும். சமச்சீரற்ற நீட்சி பக்கவாட்டில் ஆடும், தெரியாது. ஆக 1400-களில் வலுவான பட்டை இருந்து 1550 பக்கம் வெறிச்சென்று இருந்தால், அந்த இல்லாமையே உங்கள் விடை. இடைவெளியைக் கழிக்க இரண்டாவது எண்ணைத் தேடி அலைய வேண்டாம். இரண்டும் தெரிந்தால் மூலக்கூறு சாய்ந்திருக்கிறது, அல்லது ஆக்சிஜன்கள் சமமாக அமரவில்லை. 1993-ல் யூ-தாய் தாவோ கொழுப்பமிலப் படலங்களை ஒப்பிட்டபோது வெள்ளியில் இரண்டு ஆக்சிஜன்களும் சமமாகவும், தாமிரத்திலும் அலுமினியத்திலும் சமமில்லாமலும் அமர்வதைக் கண்டார். பட்டை எதுவுமே தெரியாவிட்டால் பரப்பு காலி என்று உடனே எழுதிவிடாதீர்கள், மூலக்கூறு படுத்திருக்கலாம்.

நீண்ட சங்கிலி என்றால் 2900 பக்கமும் ஒரு பார்வை. மெத்திலீன் பட்டை 2918-ஐ ஒட்டி இருந்தால் சங்கிலிகள் நேராக அடுக்கியிருக்கின்றன. 2925-க்கு மேல் போனால் கலைந்து கிடக்கின்றன.

படி 6: ஓர் அடுக்கா, சோப்பா?

பித்தளைக் குத்துவிளக்கில் எண்ணெய் நின்ற இடத்தில் பச்சையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். களிம்பு என்கிறோம். எண்ணெயில் கொஞ்சமாக இருக்கும் கொழுப்பமிலம் தாமிரத்தைப் பிடித்து, பரப்பிலிருந்து இழுத்தெடுத்து, தாமிர சோப்பாகவே, அதாவது கொழுப்பமிலத்தின் தாமிர உப்பாகவே, மாற்றிவிடுகிறது. அது ஓர் அடுக்குப் பிணைப்பு அல்ல, அரிப்பு. ஆய்வகத்திலும் தாமிரத் தகட்டை ஸ்டியரிக் அமிலக் கரைசலில் நெடுநேரம் ஊறவிட்டால் இதே ஆபத்து உண்டு. 1585 செ.மீ⁻¹ அருகே கூர்மையான, மிகப் பெரிய பட்டை வந்தால் அடுக்கு அல்ல, தாமிர ஸ்டியரேட்டுப் படிவம் என்று சந்தேகியுங்கள்.

சோப்பு எப்போதும் எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் பாரஃபின் எண்ணெயில் 1 சதவீதம் லாரிக் அமிலம் கலந்து உராய்வை அளந்தபோது, துத்தநாகம், காட்மியம், தாமிரம் போன்ற வினைபுரியும் உலோகங்களில் உராய்வு நன்றாகக் குறைந்தது, பிளாட்டினத்திலும் வெள்ளியிலும் குறையவில்லை. மசகைக் கொடுத்தது பரப்பில் உண்டான உலோக சோப்பு.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் சோதனை இது. கண்ணாடியில் ஆவியாக்கிப் படியவைத்த புதிய அலுமினியப் படலம், ஹெக்சேனில் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் ஸ்டியரிக் அமிலம், சில மணி நேர ஊறல். எடுத்ததும் சுத்தமான ஹெக்சேனில் நன்றாக அலசுங்கள். அலசும் முன் ஒரு நிறமாலை, அலசிய பின் ஒன்று. 1700 பக்கத்துப் பட்டை அலசலில் போய்விட்டு, கார்பாக்சிலேட்டுப் பட்டை அப்படியே நின்றால், எது பிணைந்தது, எது சும்மா உட்கார்ந்திருந்தது என்று கண்ணெதிரே தெரிந்துவிடும். நீர்த்துளியின் தொடுகோணம் 100 பாகையைத் தாண்டினால் மெத்தில் முனைகள் வெளியே பார்த்தபடி அடுக்கு உருவாகியிருக்கிறது.

எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலை கிடைத்தால் கார்பனைப் பாருங்கள். சங்கிலிக் கார்பன் 285 எலக்ட்ரான் வோல்ட், கார்பாக்சிலேட்டுக் கார்பன் 288-289 அருகே. சுத்தமான உலோகத்தில் ஆக்சிஜன் பட்டையும் அருமையான சாட்சி: அமிலத்துக்கு இரண்டு முகடுகள், இரண்டு ஆக்சிஜனும் சமமான கார்பாக்சிலேட்டுக்கு ஒன்று. ஆக்சைடின் மேல் இதை நம்ப முடியாது, ஆக்சைடின் சொந்த ஆக்சிஜனே எல்லாவற்றையும் மூடிவிடும். காற்றுக் கழிவிலும் 289 அருகே ஒரு முகடு உண்டு என்பதால், எதுவும் போடாத தகடு ஒன்றை எப்போதும் கூடவே அளந்துகொள்ளுங்கள்.

படி 7: தண்ணீர் வந்தால் என்ன ஆகும்?

உலர்ந்த தகட்டில் கிடைத்த அழகான நிறமாலையோடு நிறுத்திவிடக் கூடாது. கார்பாக்சிலேட்டு பிணைந்தபோது ஹைட்ராக்சிலை நீராக வெளியேற்றியது அல்லவா, அந்த வினை திரும்பியும் நடக்கும். அலுமினியம் ஆக்சைடின் மேல் ஒற்றை அமில முனை கொண்ட சிறு மூலக்கூறுகளை நீர் மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிடும். நீரிலியிலிருந்து வந்த இரட்டை முனைகள் அருகருகே பிடிப்பதால் ஒன்று விட்டாலும் மற்றது பிடித்திருக்க வாய்ப்பு உண்டு. பாலிமர் சங்கிலியில் பல இடங்களில் அப்படிப் பிடித்திருந்தால் இன்னும் நல்லது. ஈரத்தில் நீண்ட காலம் நிற்க வேண்டிய இடம் என்றால் கார்பாக்சிலிக் அமிலத்தை விட்டுவிட்டு ஃபாஸ்ஃபானிக் அமிலத்துக்குப் போவதே என் பரிந்துரை. அலுமினியம் ஆக்சைடில் அதன் பிடி இதைவிடத் தெளிவாக வலுவானது.

சோதிக்கும் முறை எளிது. ஒரே நாளில் செய்த தகடுகளில் சிலவற்றை உலர்பெட்டியிலும், சிலவற்றைக் காய்ச்சி வடித்த நீரிலும் வையுங்கள். குறித்த இடைவெளிகளில் எடுத்து, உலர்த்தி, அதே சாய்வுக் கோணத்தில் அளங்கள். 1400-களில் உள்ள சமச்சீர் பட்டையும் 2900 பக்கத்துச் சங்கிலிப் பட்டையும் சேர்ந்து குறைந்தால் மூலக்கூறு கழன்று போகிறது. சங்கிலிப் பட்டை அப்படியே இருக்க, கார்பாக்சிலேட்டு குறைந்து 1700 பக்கம் புதிதாக எழுந்தால் மூலக்கூறு அங்கேயே இருக்கிறது, பிடி மட்டும் விட்டுவிட்டது: புரோட்டான் அதனிடம் திரும்பிவிட்டது.